பதில் இணையத்தில் இல்லாத கேள்வி

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ‘அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி இணையத்தில் தேடி ஒரு பக்க அளவில் எழுதி வருக’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து சேர்ந்த 34 குறிப்பேடுகளில் 31 குறிப்பேடுகளில் ஒரே பத்தி இருந்தது. எவனோ ஒருவன் பென்னாகரத்தில் பிரவுசிங் சென்டரில் எடுத்து வந்த அச்சுத்தாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீடு வீடாகச் சுற்றியிருக்கிறது. அந்தத் தாளில் ‘தகடூர்’ ஓரிடத்தில் ‘தகடுர்’ என்று பிழையாக அச்சாகியிருந்தது. அந்தக் குறில் 31 பேர் கையெழுத்திலும் குறிலாகவே நின்றது. மீதி மூவரில் இருவர் எழுதவே இல்லை. ஒருத்தி மட்டும், அதியமான்கோட்டையில் பழைய மண்மேட்டின் மேல் தன் ஆயா சிறுமியாக இருந்தபோது ஆடு மேய்த்ததையும், அந்த மேட்டை யாரும் தோண்டக் கூடாது என்று ஊரில் சொல்லி வந்ததையும் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். இணையத்தில் தேடவில்லை என்று அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் ஏமாற்றவில்லை. நான் ‘எழுதி வா’ என்றேன், எழுதி வந்தார்கள். ஏற்கெனவே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒன்றை மீண்டும் எழுதச் சொல்லும் கேள்விக்கு, பார்த்து எழுதுவதுதான் நேர்மையான விடை. இணையம் இல்லாத காலத்திலும் இதையேதான் செய்தோம். அப்போது நோட்ஸ் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. கணினியைக் கொண்டுவந்து வைத்ததால் வகுப்பறை மாறிவிட்டது என்று நான் நம்பியதுதான் பிழை.

ஆசிரியப் பயிற்சிப் புத்தகங்களில் ‘வெப்குவெஸ்ட்’ என்ற பெயரில் ஒரு பாடம் உண்டு. பி.எட். தேர்வுக்கு அதன் உறுப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள் சம்பவத்துக்குப் பிறகு அதை மீண்டும் எடுத்து, இம்முறை தேர்வுக்காக அல்லாமல், படித்தேன். அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பம் கற்பித்த பெர்னி டாட்ஜ் என்பவர் 1995-இல் இதற்கு வடிவம் கொடுத்தார். தொடக்க காலத்தில் டாம் மார்ச் அவரோடு சேர்ந்து உழைத்தார். அதன் தொடக்கக் கதை எனக்குப் பிடித்தமானது. ஆசிரியராகப் பயின்று கொண்டிருந்த மாணவர்களுக்கு, தொல்லியல் அகழாய்வைக் கணினியிலேயே செய்து பார்க்கும் ஒரு கல்வி மென்பொருளை அறிமுகப்படுத்த அவர் விரும்பினார். அந்த மென்பொருள் அவர் கையில் இல்லை. ஆகவே அதைப் பற்றிய அறிக்கைகளையும் இணையப் பக்கங்களையும் திரட்டிக் கொடுத்து, ‘நீங்கள் கற்பிக்கப் போகும் பள்ளியில் இதைப் பயன்படுத்தலாமா, எப்படி என்று முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லி விட்டுவிட்டார். மாணவர்கள் தங்களுக்குள் வாதாடினார்கள். அவர் பெரும்பாலும் பேசாமல் இருந்தார். கையில் பொருள் இல்லாத குறையிலிருந்து ஒரு முறை பிறந்திருக்கிறது என்பது, ஆய்வுக்கூடத்தில் பாதிப் பொருள் இல்லாமலே பாடம் நடத்திப் பழகிய எங்களுக்கு ஆறுதலான செய்தி.

முன்னுரை, பணி, செய்முறை, ஆதாரங்கள், மதிப்பீடு, முடிவுரை என்று அதன் உறுப்புகளைப் பயிற்சி நூல்கள் பட்டியலிடும். உயிர் இருப்பது இரண்டாவதில். பணி என்பது மாணவன் கடைசியில் செய்து காட்ட வேண்டிய வேலை; அந்த வேலை எந்த ஒரு பக்கத்திலும் முழுதாகச் செய்து வைக்கப்பட்டிருக்கக் கூடாது. டாட்ஜ் பிற்பாடு பணிகளை 12 வகையாகப் பிரித்தார். படித்ததைத் திருப்பிச் சொல்லும் பணி அவற்றில் ஒன்று, அதுவும் மிகக் குறைந்த சிந்தனையைக் கோருவது. தீர்ப்புச் சொல்வது, மாறுபட்ட கருத்துடையவர்களிடையே உடன்பாடு காண்பது, புதிரை அவிழ்ப்பது, செய்தியாளரைப் போல் விசாரிப்பது ஆகியவை மற்றவற்றுள் சில. நான் அதியமானுக்குக் கொடுத்தது முதல் வகை. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன்: இம்முறையில் மாணவர்களைக் கூகுளில் அவிழ்த்து விடுவதில்லை. பயன்படும் பக்கங்களை ஆசிரியர் முன்பே தேடி, படித்து, பொறுக்கி வைக்கிறார். 45 நிமிடப் பாடவேளையில் 30 நிமிடத்தைத் தேடுவதிலேயே தொலைத்துவிட்டால் யோசிப்பதற்கு மணி அடித்துவிடும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

எனவே அதே அதியமானை அடுத்த ஆண்டு வேறு கதவு வழியாக வகுப்புக்கு அழைத்து வந்தேன். அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, தம் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்றொரு மரபினரையும் சொல்கிறது. அவர்கள் யார் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்ற தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சதியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். மாணவர்களுக்கு நான்கு பக்கங்களைக் கொடுத்தேன். இரண்டு பக்கங்களின் அடிப்படை 1981-க்கு முந்தைய ஆய்வு, மற்ற இரண்டின் அடிப்படை அதற்குப் பிந்தைய ஆய்வு. எது முந்தையது என்று நான் சொல்லவில்லை. ‘சதியபுத்திரர் யார்? தீர்ப்புச் சொல்லுங்கள், காரணத்தோடு’ என்பதே பணி. முதல் 20 நிமிடம் சந்தைக்கடை போல் இருந்தது. பிறகு ஒரு பையன் எழுந்து, ‘டீச்சர், இந்த ரெண்டு பக்கத்துலயும் ஜம்பைன்னு ஒரு வார்த்தையே இல்ல. இவங்களுக்கு அந்தக் கல்லு தெரியாது போல’ என்றான். ஒரு தகவல் எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதை நான் மூன்றாண்டுகளாக வாயால் சொல்லி வந்திருக்கிறேன். அவன் அன்று கண்ணால் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் ‘தேதி பார்’ என்பது ஒரு வழக்காகிவிட்டது.

கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறையைக் கொண்டு பிற்பாடு செய்த பணிக்கும் இதுவே அச்சாணி. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளைக்குப் பொ.ஆ.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பு வெளியானது. தமிழகத்து இரும்பின் தொன்மை பற்றிய பக்கங்களைத் தேதி பார்க்காமல் படிப்பவர் குழம்பியே தீர வேண்டும்.

நம் பாடப்புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018-க்குப் பிறகு வந்த புதிய புத்தகங்களில் விரைவுக் குறியீடுகள் (க்யூஆர் கோடு) உண்டு. பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்றே ஒரு பக்கம் உண்டு. படி 1, படி 2 என்று உரலியை (இணைய முகவரியை) திறப்பதில் தொடங்கி எதைச் சொடுக்க வேண்டும் என்பது வரை படத்தோடு விளக்கியிருப்பார்கள். எண்ணம் நல்லது, வரைபடத்தையோ ஓர் அறிவியல் மாதிரியையோ கண்முன் காட்டுவதற்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் அந்தப் படிகள் முடிகிற இடத்தில் மாணவன் எதையும் முடிவு செய்திருக்க மாட்டான், பார்த்திருப்பான். அதன் கீழே ஒரு கேள்வியை, விடை இரண்டாகப் பிரியக்கூடிய ஒரு கேள்வியை, ஆசிரியர்தான் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். நான் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு எதிர்முனையில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் சோதனையைச் சொல்வார்கள். 1999-இல் தில்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டையிட்டுக் கணினியை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். சேரிச் சிறுவர்கள் தாமாகவே இயக்கக் கற்றார்கள். பிறகு தமிழ் பேசும் காளிக்குப்பத்துச் சிறுவர்களிடம் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூற்று உயிரியல் பாடங்களைக் கொடுத்துப் பார்த்தார். அதை மேற்கோள் காட்டி ‘இனி ஆசிரியரே தேவையில்லை’ என்று பேசுவோர் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அங்கே பாடம் தெரியாத ஓர் இளம்பெண் பிள்ளைகளின் பின்னால் நின்று, பேத்தியை மெச்சும் பாட்டியைப் போல ‘அடடே, இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டுக் கொண்டிருந்தபோதுதான் அவர்களின் மதிப்பெண் மேலும் உயர்ந்தது. பின்னால் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் என்ன கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் செய்தவற்றுள் இன்று வரை நினைவில் நிற்பது 2023 மார்ச்சில் நடத்திய தண்ணீர்ப் பணி. தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காவிப் பல் என்றால் விளக்க வேண்டியதில்லை. கருங்கற்பாறைக்குள் ஆழமாகத் துளையிட்டு எடுக்கும் நீரில், பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்த ஃபுளோரைடு மிகுந்திருக்கும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை பிறவியிலிருந்தே வந்தது போல் நிற்கும். அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் தாக்கும். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவே, 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய எங்கள் இரு மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்ற சொற்கள் உண்டு. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928 கோடி மதிப்பீட்டில், 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பணி இதுதான்: ‘ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாமா? மார்ச் 22 கிராம சபைக்கு ஒரு பக்க மனு எழுதுக.’ உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும் என்பது எனக்கு வாய்ப்பாக அமைந்தது. எந்தத் தேடுபொறியைக் கேட்டாலும் எங்கள் ஊர்க் கிணற்றுக்கு அதனிடம் விடை கிடையாது. ஆனால் விடையை உருவாக்கத் தேவையான மூலப்பொருள்கள் எல்லாம் அதில் சிதறிக் கிடந்தன.

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பத்துக் கணினிகள். அந்த மாதம் ஓடியவை ஏழு. 35 பேரை ஏழு குழுக்களாக்கினேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பல் மருத்துவர், ஒரு நிலவியலாளர், ஒரு வீட்டுச் செலவுக் கணக்காளர், ஓர் ஊராட்சி உறுப்பினர், பிறகு எதையும் நம்பாதவர் ஒருவர். கடைசிப் பாத்திரம் எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதே, அதற்கு ஒரு பதவி கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வேறு வேறு பக்கங்கள் என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுத வழியில்லை. இணையம் நின்றுவிடும் என்பது உறுதியாகத் தெரிந்ததால் எல்லாப் பக்கங்களையும் பென்டிரைவில் சேமித்து, தேவையானவற்றை அச்செடுத்தும் வைத்திருந்தேன். எதிர்பார்த்தபடியே முதல் நாள் 20-ஆம் நிமிடத்தில் நின்றது. ஒருவரும் எழுந்து ஓடவில்லை.

ஆதாரங்களில் வேண்டுமென்றே முரண்களை வைத்திருந்தேன். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணயம் 1.0 என்று நிறுத்தி, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கமோ, 1945-இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் தொடங்கி, அமெரிக்க நகரங்கள் பல்லின் நலனுக்காகக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கின்றன என்றது. வகுப்பு கொந்தளித்தது. ‘அங்க காசு குடுத்துக் கலக்குறான், இங்க காசு குடுத்து எடுக்கணுமா?’ என்று நம்பாதவர்களில் ஒருவன் மேசையைத் தட்டினான். அதே வேகத்தில் இன்னொரு குழு மறுநாள் பற்பசை அட்டையைக் கொண்டுவந்தது. அதில் ஃபுளோரைடின் அளவு ஆயிரம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பதை ஒட்டிப் போட்டிருந்தது. பி.பி.எம். என்பதும் லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் தண்ணீரைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்று நிலவியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதும் வகுப்பில் ஓர் அமைதி. 1.5-க்கே இவ்வளவு பேச்சென்றால் ஆயிரம் எங்கே போய் நிற்கும்? ‘பேஸ்ட்ட முழுங்க மாட்டோம், துப்பிடுவோம்’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தபோது, இரண்டு பாடவேளையாக நான் சொல்லிவிடத் துடித்துக் கொண்டிருந்த விடையை அவர்களே எட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் அப்போது பரிந்துரைக்கப்பட்ட அளவு 0.7 என்பதையும் ஒருத்தி கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதினாள். நன்மையா தீமையா என்ற கேள்வி, எவ்வளவு, யாருக்கு, எந்த வயதில் என்று மூன்றாகப் பிரிந்தது. வாய் திறக்காமல் நிற்பதுதான் அந்த வாரத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

ஒரு நீர் வடிகட்டி விற்பனைப் பக்கத்தையும் அடையாளம் சொல்லாமல் சேர்த்திருந்தேன். பாதிக் குழுக்கள் அதை மருத்துவக் கட்டுரை என்றே எண்ணிக் குறிப்பெடுத்தன. இதைத் திட்டித் திருத்த முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, நம்பத் தகுந்தவையா என்று கேட்டார்கள். முதல் இரு சாராரும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழுமாகக் கூர்ந்து படித்து, அதன் அழகான வடிவமைப்பில் பலர் ஏமாந்தார்கள். மூன்றாமவர்கள் சற்று நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவது யார் என்று வேறு தாவல்களில் விசாரித்தார்கள். இதை என் மாணவர்களுக்கு இப்படிச் சொன்னேன்: மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர் உண்டா? காப்பியைக் குடித்துவிட்டு வந்து, நாலு வீடு தள்ளி டீக்கடையில்தானே விசாரிப்போம்? பக்கத்தையும் அப்படி விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ‘டீக்கடைல கேட்டியா?’ என்பது ‘தேதி பார்’ என்பதற்கு அடுத்த வழக்காயிற்று. விற்பனைப் பக்கம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது.

தொடங்குமுன் எனக்கு ஒரு தயக்கம் இருந்ததைச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு மாணவி, எந்தக் குழுப்படத்திலும் வாயை மூடியே நிற்பவள். சிரிப்பு வந்தால் தாவணி முனையோ நோட்டுப் புத்தகமோ முகத்துக்கு வந்துவிடும். இந்தத் தலைப்பு அவளை வகுப்பின் நடுவில் நிறுத்திவிடுமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தேன். அவளுக்குப் பல் மருத்துவர் வந்தது. மாற்றித் தரட்டுமா என்று தனியே கேட்டேன். வேண்டாம் என்றாள். கறை பல்லின் மேல் படிவதன்று, பல் உருவாகும்போதே எனாமலுக்குள் அமைந்துவிடுவது, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நிகழ்ந்து முடிந்துவிடுவது என்ற பத்தியை அவள் தன் குழுவுக்கு வாசித்துக் காட்டினாள். பாடவேளை முடிந்து எல்லாரும் போன பின் என்னிடம் வந்து, ‘அப்ப நான் ஒழுங்கா பல்லு வெளக்காததால வந்தது இல்லையா டீச்சர்?’ என்றாள். இல்லை என்றேன். ‘எங்க அம்மா இன்னும் அப்படித்தான் சொல்லுது’ என்றாள்.

மறுநாள் அவள் குழு தானாகவே ஒன்றைச் செய்திருந்தது. தெருவில் தங்களுக்குத் தெரிந்த வீடுகளில், யாருக்குக் கறை இருக்கிறது, யாருக்கு இல்லை, அவர்கள் பிறந்த ஆண்டு எது என்று எழுதி வந்திருந்தார்கள். இவளுக்கு 2008, தம்பிக்கு 2014. தம்பியின் பல் வெள்ளை. காவிரித் தண்ணீர் ஊருக்கு வந்ததற்கு முன்னும் பின்னுமாகப் பிறந்த பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கே தோன்றியதில்லை. ஏழெட்டு வீட்டுக் கணக்கை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதை நம்பாதவர் பதவியிலிருந்த பையன் தாட்சண்யமில்லாமல் எடுத்துரைத்தான். தம்பி கேன் தண்ணீர் குடித்து வளர்ந்தானா என்று கேட்டான். அது சரியான கேள்வி. மனுவில் ‘எங்கள் தெருவில் நாங்கள் பார்த்தவரை’ என்ற சொற்கள் சேர்ந்தது அவனால்தான்.

இந்த முறையின் செலவையும் மறைக்கக் கூடாது. நான்கு பாடவேளைப் பணிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தமிழில் நம்பகமான பக்கங்கள் மிகக் குறைவு. ஆங்கிலப் பக்கங்கள் மூன்றை நானே இரண்டிரண்டு பக்கத் தமிழில் எழுதித் தர வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு கைபேசிதான், அதுவும் பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் அப்பா சனிக்கிழமை வந்தால்தான் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவேலையாக எதையும் தர இயலாது. எல்லாம் பள்ளிக்குள்ளேயே முடிய வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு பணிக்கு மேல் என்னால் ஆவதில்லை. எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டியதும் இல்லை. அட்சரேகை எது, தீர்க்கரேகை எது என்பதை நானே பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

மதிப்பெண் விஷயத்திலும் தடுமாறினேன். விடைக்கு எத்தனை, வழிக்கு எத்தனை? இறுதியில், எந்தப் பக்கத்தை ஏன் நம்பவில்லை என்று எழுதிய வரிகளுக்கே பாதி மதிப்பெண் ஒதுக்கினேன். சக ஆசிரியர் ஒருவர், ‘நம்பாததுக்கெல்லாமா மார்க்கு?’ என்று ஓய்வறையில் சிரித்தார். அவர் மகனுக்கு இப்போது அதையே சொல்லித் தருகிறார் என்று கேள்வி.

அடுத்து வந்த ஆண்டுகளில் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்துகொண்டது. கேள்வியைப் பேசினாலே தமிழில் கட்டுரை எழுதித் தரும் செயலிகள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. பிரவுசிங் சென்டர் தாளில் இருந்த எழுத்துப்பிழைகூட இவற்றில் இருப்பதில்லை. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தண்ணீர்ப் பணியை மறுபடி நடத்தியபோது, செயலி தந்த பதிலையும் ஆதாரங்களில் ஒன்றாக அச்செடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தேன். நீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டிக் குடிக்குமாறு அது பொதுவாக அறிவுரை கூறியிருந்தது. கணக்காளர்கள் பென்சிலை எடுத்தார்கள்: 10 லிட்டர் நீரில் 20 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்து, காய்ச்சுகையில் 2 லிட்டர் ஆவியாகிப் போனால், மீந்த 8 லிட்டரில் அதே 20 மில்லிகிராம், லிட்டருக்கு 2 என்றிருந்தது 2.5 ஆகிறது. காய்ச்சினால் குறையாது, கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையை நிலவியலாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். செயலியின் அச்சுத்தாளில் அந்த வரியின் மேல் ஒருவன் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் ‘டீக்கடையில் கேட்கவும்’ என்று எழுதியிருந்தான்.

2023-இன் அந்தக் கிராம சபைக்கு நான் ஐந்து மாணவர்களை அழைத்துப் போனேன். வாக்குரிமை இல்லாதவர்கள் என்பதால் தீர்மானத்தில் அவர்களுக்கு இடமில்லை. வாசிக்க மட்டும் அனுமதி கிடைத்தது. குழுப்படத்தில் வாய் மூடி நிற்பவள்தான் வாசித்தாள். ஊரின் மூன்று ஆழ்துளைக் கிணறுகளையும் சோதிக்க வேண்டும், வரும் அளவை எல்லாரும் பார்க்கும்படி மேல்நிலைத் தொட்டியில் எழுத வேண்டும், ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் அதைத் தனியே பிடித்து வைக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி இடைமறித்து, ‘நாங்க காச்சித்தானே குடிக்கிறோம்?’ என்றார். ‘காச்சினா கிருமி சாகும் ஆயா, இது சாகாது. இன்னும் கெட்டியாயிடும்’ என்றாள் அவள், தாளைப் பார்க்காமல். ‘இத்தன வருசமா இத ஒருத்தரும் சொல்லலியே’ என்று ஆயா பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டார்.

சோதனை நடப்பதற்குச் சில மாதங்கள் ஆயின. நடந்தபின் தொட்டியின் அடியில் நீல வண்ணத்தில் மூன்று கிணறுகளுக்கும் மூன்று எண்களை எழுதினார்கள். அடுத்த ஜூனில் புதிய ஒன்பதாம் வகுப்பை அந்தத் தொட்டிக்கு அழைத்துச் சென்று, முந்தைய பிள்ளைகளின் மனுவால் வந்த எண்கள் இவை என்று சற்றுப் பெருமையோடே சொன்னேன். ஒரு சிறுமி தலையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, ‘எப்ப எடுத்த அளவு டீச்சர்? தேதி போடலையே’ என்றாள்.